பூசணத்துக்கு பிளாஸ்டிங் பண்ணலாமா?

34 வருடம் பவுண்டரியில் வேலை பார்த்தவனிடம் வந்து ‘மோல்டு’ என்று சொன்னால் அவனுக்கு என்ன ஞாபகம் வரும்? பெட்டியில் மணலைக் கெட்டித்து, பேட்டர்னை உருவிவிட்டு, உருகிய இரும்பை ஊற்றுகிற மோல்டுதான் வரும். போன வருடம் ஏப்ரல் மாதம், அமெரிக்காவில் எடிசன் ஊரில் மகள் வீட்டில் இருந்தோம். ஏசியும் ஹீட்டரும் சர்வீஸ் செய்ய வந்த பையன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து ஏதோ சொன்னான். மகள் முகம் வாடிப்போய், “அப்பா, அட்டிக் பூரா மோல்டாம்ப்பா” என்றாள்.

“மோல்டு எதுக்கும்மா அங்க போச்சு?” என்றேன்.

வீட்டுக்காரிதான் விளக்கினாள். “பூசணம் புடிச்சிருக்குதுங்கறா. உங்களுக்கு எப்பப் பாத்தாலும் பவுண்டரி நெனப்புத்தான்.”

அந்தப் பவுண்டரி நினைப்புதான் இந்தப் பதிவுக்கும் காரணம். பூசணத்தை எடுக்க வந்தவர்கள் ‘பிளாஸ்டிங்’ என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அங்கே போகாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்க வீடு பெரும்பாலும் மர வீடு. அறையின் சீலிங்குக்கும் மேலே சரிந்திருக்கிற கூரைக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு காலியிடம் இருக்கும். அதுதான் அட்டிக். நம் வீட்டுப் பரண் மாதிரி ஏறி இறங்குகிற இடம் அல்ல. தரையில் பஞ்சு மெத்தை போலக் கண்ணாடி நார் விரித்திருக்கும். கூரைப் பலகையில் ஓடு அடித்த ஆணிகளின் முனையெல்லாம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தலையைத் தூக்கினால் மண்டை கிழியும்.

மகள் தடுத்தும் கேட்காமல் டார்ச்சோடு ஏறினேன். வடக்குப் பக்கச் சரிவில், வெயில் படாத பலகைகளில், கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. என் கண் பூசணத்தை விட ஆணி முனைகளில்தான் நின்றது. எல்லாம் துருப்பிடித்திருந்தன. தெற்குப் பக்க ஆணிகளில் துரு குறைவு. இரும்போடு வாழ்ந்தவனுக்கு வேறு சாட்சி வேண்டாம். மழை ஒழுகியிருந்தால் ஓரிடத்தில்தான் துரு இருக்கும். பக்கம் முழுக்கத் துரு என்றால் நீராவி ஏறி வந்து குளிர்ந்த ஆணியில் வியர்த்திருக்கிறது என்று பொருள்.

மாப்பிள்ளை மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டார். முதல் ஆள், டிரை ஐஸ் பிளாஸ்டிங். இரண்டாவது ஆள், சோடா பிளாஸ்டிங், அதாவது சமையல் சோடாவைக் காற்றில் கலந்து அடிப்பது. மூன்றாவது ஆள் வயதானவர். ஹெப்பா ஃபில்டர் வைத்த வேக்குவத்தால் உறிஞ்சி, கையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, மறுபடி உறிஞ்ச வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். அவர் மட்டும்தான் கிளம்பும்போது, “பாத்ரூம் ஃபேன் காற்று எங்கே போகிறது?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. விலையை இங்கே எழுதமாட்டேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்து வீட்டுக்காரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளைக்கு முதல் ஆளைப் பிடித்துப்போயிற்று. ஒரே நாளில் வேலை முடியும், கெமிக்கல் கிடையாது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“பிளாஸ்டிங் வேண்டாமுங்க மாப்பிள்ளை. நான் பார்த்திருக்கறேன்.”

“மாமா, இது மணல் இல்லீங்க. ஐஸ். பட்டதும் ஆவியாப் போயிரும். நீங்க பார்த்தது வேற.”

அவர் சொன்னது பாதி சரி. நான் பார்த்தது வேறுதான்.

1977-ல் நான் சேர்ந்தபோது எங்கள் பவுண்டரியில், பெயர் வேண்டாம், காஸ்டிங்கில் ஒட்டிய மணலை எடுக்க ஒரு சேண்ட் பிளாஸ்டிங் ரூம் இருந்தது. கம்ப்ரசர் காற்றில் ஆற்று மணலை வைத்து அடிப்பார்கள். அடிக்கிறவருக்குக் கித்தான் முகமூடி, கண்ணுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளே காற்றுக் குழாய் கிடையாது. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொள்வார். ரூமை விட்டு வெளியே வரும்போது புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவர் ஷிப்டுக்கு சூப்பர்வைசர் நான்.

அவருக்கு இருமல் வந்தபோது டி.பி. என்றார்கள். மாத்திரை சாப்பிட்டார், கேட்கவில்லை. கடைசியில் மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு நடக்க முடியவில்லை. சிலிக்கோசிஸ் என்ற வார்த்தையை நான் கேள்விப்பட்டபோது அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தூசியிலிருந்து விலகிவிட்டாலும் அந்த நோய் நிற்காது. நுரையீரல் தழும்பேறிக்கொண்டே போகும், அதற்கு மருந்து கிடையாது. அது டி.பி.யையும் கூட்டி வரும். அந்த ரூமுக்கு அவரை அனுப்பிய ஷிப்டு நோட்டில் இருப்பது என் கையெழுத்து. பிறகு எஃகுக் குண்டு அடிக்கிற ஷாட் பிளாஸ்டிங் மெஷின் வந்தது. மூடிய பெட்டி, தூசி உறிஞ்சுகிற குழாய். அவருக்கு அது வரவில்லை.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. மணலைக் காற்றில் அடிக்கிற முறைக்கு அமெரிக்கரான டில்க்மன் காப்புரிமை வாங்கியது 1870-ல். பிரிட்டனில் 1950 முதல் காஸ்டிங் போன்றவற்றை மணலால் பிளாஸ்ட் செய்யக்கூடாது என்று சட்டம். அமெரிக்காவில் தொழிலாளர் நலன் பற்றி ஆராயும் நியோஷ் நிறுவனம் 1974-லேயே இதற்கு மணலைத் தடை செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு மூன்று வருடம் முன்பு! துருக்கியில் ஜீன்ஸ் துணியைப் பழசு போலக் காட்ட மணல் அடித்து, வாலிபப் பையன்கள் சிலிக்கோசிஸில் செத்த பிறகு, 2009-ல் தடை போட்டார்கள். ஒவ்வொரு தொழிலும் இதை முதலிலிருந்து கற்றுக்கொள்கிறது போலிருக்கிறது.

ஆனால் மாப்பிள்ளை சொன்னதையும் நான் நியாயமாக யோசிக்க வேண்டும். டிரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78.5 டிகிரி. அரிசி மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாகப் பலகையில் மோதும், மோதியதும் வாயுவாகிவிடும். சிலிக்கா இல்லை, கூட்டி அள்ள மணலும் இல்லை. ஆணி முனைகளுக்கு நடுவிலும் சட்டங்களின் சந்திலும் கை நுழையாத இடங்களில் புகுந்து சுத்தம் செய்யும். சமையல் சோடாவிலும் சிலிக்கா இல்லை. 1980-களில் சுதந்திர தேவி சிலையைப் பழுது பார்த்தபோது, செம்புத் தகட்டின் உள்பக்கம் இருந்த தாரை எடுக்க சோடாதான் அடித்தார்களாம். செம்பு தேயவில்லை. ஆனால் தகட்டு இடுக்குகளின் வழியே சோடா கசிந்து வெளிப்புறத்தில் கோடு போட்டுவிட்டது. அட்டிக்கிலும் அதே தொந்தரவுதான் வரும். அடித்த சோடா முழுவதும் பஞ்சு மெத்தையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இரண்டாவது ஆள் வேண்டாம் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

எங்கள் சண்டை வேறு இடத்தில். எதைக் கொண்டு அடிக்கிறோம் என்பதையே மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். எதன் மேல் அடிக்கிறோம், அடித்தது எங்கே போகிறது என்பது என் கேள்வி. பவுண்டரியில் அண்ணாவைக் கொன்ற தூசி கம்ப்ரசரிலிருந்து மட்டும் வரவில்லை. காஸ்டிங்கில் ஒட்டியிருந்த மணலும் உடைந்து பொடியாகிப் பறந்தது. இங்கே பறக்கப்போவது பூசண விதை. இந்த டிரை ஐஸ் குளிர் பூசணத்தைக் கொல்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் பூஞ்சையை உறைய வைத்துத்தான் பத்திரப்படுத்துகிறார்கள். ஐஸ் அதைப் பெயர்த்து எடுக்கிறது, அவ்வளவுதான். பெயர்த்தது காற்றில் இருக்கிறது. செத்த பூசணமும் அலர்ஜி உண்டாக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது.

பேத்திக்கு ஆறு வயது. இளைப்பு உண்டு, பம்ப் வைத்திருக்கிறாள். மகளுக்கு அட்டிக்கைப் பார்த்ததும் அதுதான் காரணம் என்று தோன்றிவிட்டது. அது தெரியாது. வீட்டில் பூனை இருக்கிறது, ஏப்ரலில் மகரந்தம் காரின் மேல் மஞ்சள் பூசுகிறது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுதி. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று கீழிருந்து மேலே போகும். அட்டிக் காற்று கீழே இறங்குவது குறைவு. அதனால் அந்தப் பூசணம் இத்தனை நாளும் பெரும்பாலும் மேலேயே கிடந்தது. மூடிய இடத்தில் கம்ப்ரசர் காற்றை நிமிடக் கணக்கில் அடித்தால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சீலிங் லைட் ஓட்டை, அட்டிக் கதவு, குழாய் இடுக்கு என்று கிடைத்த வழியில் காற்று கீழே இறங்கும். இதுவரை இறங்காத விதையை நாமே காசு கொடுத்து குழந்தையின் அறைக்குள் இறக்கிவிடுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிலோ டிரை ஐஸ் ஆவியானால் அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வாயு வரும். மெஷின் நிமிடத்துக்கு ஒரு கிலோ வரை தின்னும். அந்த அட்டிக்கின் கொள்ளளவு சுமார் 110 கன மீட்டர். காற்று வெளியேறாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தைத் தொடும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி அனுமதிப்பது அரை சதவீதம். 4 சதவீதம் உயிருக்கு ஆபத்து என்று நியோஷ் சொல்கிறது. இந்தக் கணக்கை அங்கே இருந்த ஹோம்வொர்க் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் சாப்ட்வேர்க்காரர், கணக்கை மறுக்கவில்லை. “சரீங்க மாமா, அப்ப காத்து வெளிய போறதுக்கு வழி பண்ணச் சொல்லலாம்” என்றார். அதோடு, “நாலு நாள் கையால தேய்க்கறதுலயும் தூசி வருமுங்க, நாலு நாளும் வருமுங்க” என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். கம்பி பிரஷால் காய்ந்த பலகையைத் தேய்ப்பது ஒன்றும் சாது வேலை அல்ல.

ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். முதலில் தண்ணீரை நிறுத்துவது, அப்புறம் பூசணம். அந்த வயதானவர் கேட்ட கேள்விதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி ஏறினேன். மகள் கீழே நின்று திட்டினாள். பாத்ரூம் ஃபேனிலிருந்து கூரைக்குப் போக வேண்டிய வளைகுழாய் கழன்று பஞ்சு மெத்தை மேல் விழுந்து கிடந்தது. தினம் நாலு பேர் வெந்நீரில் குளித்த ஆவியெல்லாம் நேரே அட்டிக்கில்! கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளையும் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வயதானவரையே கூப்பிட்டு இரண்டையும் சரிசெய்ய வைத்தோம். ஒரு நாள் வேலைதான். இதைச் செய்யாமல் டிரை ஐஸ் இல்லை, வைரத்தையே வைத்து அடித்தாலும் அடுத்த குளிர்காலத்தில் பூசணம் திரும்ப வந்திருக்கும். பிளாஸ்டிங்காரர்கள் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். பளிச்சென்று பலகையின் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். ஆணி ஏன் துருப்பிடித்தது என்று கேட்கமாட்டார்கள்.

பிறகு டிரை ஐஸ் ஆட்களே வந்தார்கள். பாதிப்பு 300 சதுர அடிக்கு மேல், ஆணி முனைகள் வேறு. அந்த இடத்தில் மாப்பிள்ளை சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர்களும் சும்மா வரவில்லை. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினார்கள். ஹெப்பா ஃபில்டரோடு காற்றை வெளியே இழுக்கிற மெஷின் ஒன்றை வைத்தார்கள். பேத்தியையும் பூனையையும் நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

நான் வீட்டுக்காரியின் சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அட்டிக் கதவின் கீழே நின்றேன். பவுண்டரியில் தூசி உறிஞ்சும் குழாய் இழுக்கிறதா என்று பீடிப் புகையை வைத்துப் பார்ப்போம். அதே வித்தைதான். அமெரிக்கர்கள் ஏதோ பூஜை என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். மெஷின் ஓடியதும் புகை இடுக்கு வழியாக மேலே போயிற்று. நல்லது. மேலே பிளாஸ்டிங் ஆரம்பித்தது. ஒரு நிமிடம் இருக்கும், புகை தயங்கி நின்று, திரும்பி, என் முகத்துக்கு வந்தது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மேலே கத்தி வேலையை நிறுத்தச் சொன்னார். பொறுப்பாளருக்கு முதலில் கோபம். ஊதுபத்தியைப் பார்த்த பிறகு தன் வண்டியிலிருந்து இரண்டாவது மெஷினை இறக்கி வைத்தார். அதன் பிறகு புகை மேலேயே போயிற்று. வண்டியில் இருந்த மெஷினை முதலிலேயே ஏன் வைக்கவில்லை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வேறொன்றைக் கேட்டேன். கன் பிடித்திருந்தவருக்கு வெளியிலிருந்து காற்று வருகிற ஹெல்மெட் இருந்தது. ஹோஸ் இழுத்துக்கொடுக்க உள்ளே இருந்த பையனுக்கு, இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், ஆங்கிலமும் சரியாகப் பேசவில்லை, சாதாரண ஃபில்டர் மாஸ்க்தான். அந்த ஃபில்டர் பூசண விதையைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. வாயு மீட்டர் எங்கே என்று கேட்டேன். கன் பிடித்தவர் இடுப்பில் ஒன்று இருந்தது. “அந்தப் பையனுக்கு?” பொறுப்பாளர் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என் கேள்வியையே தன் வாயால் திரும்பக் கேட்டார். பையனைக் கீழே இறக்கி, கதவருகில் நின்று ஹோஸைக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை இரண்டு மணி நேரம் கூட ஆயிற்று. கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்டார்கள், மாப்பிள்ளை கொடுத்தார். அந்தப் பையன் மத்தியானம் எங்கள் வீட்டுத் தக்காளி சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

நம் ஊர் நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இப்போது கோவையிலும் சென்னையிலும் சுவரில் பூசணம் என்றால் பிளாஸ்டிங் பண்ணித் தருகிறோம் என்று யாராவது வரலாம். நம் வீட்டுச் சுவர் மரப்பலகை அல்ல, மணலும் சிமெண்டும் கலந்த பூச்சு. அதன் மேல் ஐஸ் அடித்தாலும் சோடா அடித்தாலும் பெயர்ந்து பறப்பது சிலிக்கா. கோயில் கல் தூண்களிலேயே மணலை அடித்து சிற்பத்தின் நகையையும் கல்வெட்டின் எழுத்தையும் மழுங்கடித்த பிறகுதானே அறநிலையத்துறை அதற்குத் தடை போட்டது. கல்லே தாங்கவில்லை, பூச்சு எங்கே தாங்கும்? மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே சோப்புத் தண்ணீரால் ஈரமாகத் துடைக்கலாம். என்-95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மொட்டை மாடியில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஏறிப் பாருங்கள்.

“நீங்க சொன்ன மாதிரியே டிரை ஐஸ்தான் ஜெயிச்சுதுங்க மாப்பிள்ளை” என்று ஏர்போர்ட்டில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “ஊதுபத்தி இல்லாம இல்லீங்க மாமா” என்றார். ஜனவரியில் வீடியோவில் கூப்பிட்டு, அட்டிக்குக்குள் போனை நீட்டி வடக்குப் பக்க ஆணிகளைக் காட்டினார். பழைய துரு அப்படியே இருந்தது. தண்ணீர்ச் சொட்டு ஏதும் தெரியவில்லை. பேத்தி கீழேயிருந்து, “அப்புச்சி, எனக்கும் காட்டச் சொல்லுங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள். இளைப்பு அவளுக்கு இன்னும் இருக்கிறது. பூனையும் இருக்கிறது.